கேர்னலில் கை வைத்தால் யார் பொறுப்பு? வாரண்டி, சப்போர்ட், சட்டம் பற்றி ஒரு முழுமையான வழிகாட்டி

கொக்குவில் பக்கம் ஒரு தனியார் மருத்துவ ஆய்வுகூடம். இரத்தப் பரிசோதனை இயந்திரங்கள் ஆறு, ஆறும் பழைய சீரியல் கேபிளில் பேசுகிறவை. அங்கிருந்த லினக்ஸ் சேவரில் எட்டு போர்ட் உள்ள சீரியல் கார்ட் ஒன்றைப் போட்டேன். டிஸ்ட்ரோவோடு (ஒரு நிறுவனம் தொகுத்துத் தரும் லினக்ஸ்) வந்த கேர்னல், அதாவது வன்பொருளையும் நிரல்களையும் இணைக்கும் இயங்குதளத்தின் மையப் பகுதி, நாலு போர்ட்டுக்கு மேல் காட்டவில்லை. ஒரு இரவு முழுக்க இருந்து மூல நிரலிலிருந்து கேர்னலை நானே கட்டி ஏற்றினேன். எட்டும் தெரிந்தன. விடிய வீட்டுக்குப் போகும்போது எனக்குள் கொஞ்சம் பெருமைதான்.

ஏழு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை டிஸ்க் எழுத மறுத்துவிட்டது. அந்த டிஸ்ட்ரோவுக்கு வருடச் சந்தா கட்டித்தான் வைத்திருந்தோம். அவர்களுக்கு டிக்கெட், அதாவது உதவிக் கோரிக்கை, போட்டேன். மறுமொழியின் சாரம் இவ்வளவுதான்: இது நாங்கள் தந்த கேர்னல் அல்ல, எங்கள் கேர்னலில் இதே பிழை வந்தால் திரும்ப எழுதுங்கள். ஆய்வுகூட உரிமையாளர் என் பின்னால் நின்றுகொண்டு, “தம்பி, கேர்னலோ கீர்னலோ எனக்கு விளங்காது. றிப்போட் எத்தினை மணிக்கு வரும்?” என்றார்.

அன்று எனக்குச் சப்போர்ட் ஆட்களில் கோபம். இப்போது இல்லை. நம் ஊரில் பங்குக் கிணறு பற்றித் தெரியாதவர் குறைவு. காணி உறுதியில் நாலு பேருக்குப் பங்கு எழுதியிருக்கும். அதில் ஒருவர் மற்றவர்களுக்குச் சொல்லாமல் கிணற்றை இன்னும் ஆறடி ஆழமாக்கிவிட்டார் என்று வையுங்கள். அடுத்த மாரியில் கட்டு இடிந்தால், இடிந்ததற்குக் காரணம் ஆழமாக்கியதுதானா, நாற்பது வருடப் பழைய கட்டா? யாராலும் உடனே சொல்ல முடியாது. ஆனால் எல்லோரும் பார்ப்பது அந்த ஒருவரின் முகத்தைத்தான். இடித்தது தான் அல்ல என்று காட்டவேண்டிய வேலை அவர் தலையில் வந்து விழும்.

கேர்னல் விஷயமும் அதுதான். திருத்தினால் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. நிரூபிக்கும் சுமைதான் கை மாறுகிறது. கீழே வரும் படிகள் அந்தச் சுமையைத் தூக்கக்கூடிய அளவில் வைத்திருக்க. சேவர் பார்க்கிற தம்பி தங்கச்சிமாருக்கும், சிறிய கொம்பனி நடத்துகிறவர்களுக்கும் எழுதுகிறேன்.

படி 1: மூன்று சொற்களைப் பிரித்து வையுங்கள்

வாரண்டி, சப்போர்ட், சட்டப் பொறுப்பு. மூன்றையும் ஒன்றாகக் குழைத்துத்தான் பாதிச் சண்டை வருகிறது.

வாரண்டி பொருளுக்கு. கஸ்தூரியார் வீதியில் வாங்கிய சேவரின் மின்வழங்கி எரிந்தால், நீங்கள் எந்தக் கேர்னல் ஓட்டினீர்கள் என்பது பொதுவாகச் சம்பந்தமில்லாத கேள்வி. உங்கள் மாற்றம்தான் அதை எரித்தது என்று காட்ட முடிந்தால் வேறு கதை. கைப்பேசியில் நிலைமை கடுமை: சாம்சங்கின் நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு உள்ள கருவிகளில் அனுமதியில்லாத கேர்னலை ஏற்றினால் உள்ளே ஒரு மின் உருகி எரிந்து, குறி 0 இலிருந்து 1 ஆகும். பிறகு என்ன செய்தாலும் அது திரும்பாது.

சப்போர்ட் என்பது உழைப்புக்கான ஒப்பந்தம். இத்தனை மணிக்குள் பதில், இத்தனை வருடம் பாதுகாப்புத் திருத்தம் என்று ஒருவர் காசு வாங்கிக்கொண்டு தரும் வாக்கு. எதற்குத் தருகிறார் என்பது அந்தத் தாளில்தான் இருக்கும்.

சட்டப் பொறுப்பு மூன்றாவது: நட்டம் வந்தால் யார் கட்டுவது. லினக்ஸ் கேர்னலின் உரிமமான ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு இதில் ஒளிவுமறைவு வைக்கவில்லை. 11 ஆம் பிரிவு வாரண்டி எதுவும் இல்லை என்கிறது, 12 ஆம் பிரிவு நட்டத்துக்குப் பொறுப்பில்லை என்கிறது. அதே உரிமத்தின் 1 ஆம் பிரிவோ, விரும்பியவர் கட்டணம் வாங்கிக்கொண்டு வாரண்டி கொடுக்கலாம் என்றும் சொல்கிறது. ரெட் ஹாட், சூசே, கனோனிக்கல் போன்ற டிஸ்ட்ரோ கொம்பனிகள் எல்லாம் நடத்தும் சப்போர்ட் வியாபாரத்துக்கு அந்த ஒரு வரியில் இடம் இருக்கிறது. அவர்கள் வாக்குக் கொடுப்பது தாங்கள் கட்டி, சோதித்து, கையெழுத்திட்ட கேர்னலுக்கு. நீங்கள் கட்டியதற்கு அல்ல.

படி 2: உங்கள் மாற்றம் எந்த ரகம்?

“கேர்னலை மாத்தினேன்” என்ற ஒரு வசனத்துக்குள் ஐந்தாறு வேறு வேறு காரியங்கள் ஒளிந்திருக்கும். இலேசானதிலிருந்து பாரமானதுக்கு வருவோம்.

முதலாவது, அமைப்புகள். ஓடும்போது மாற்றும் சிஸ்கன்ட்ரோல் எண்கள், பூட் வரியில் சேர்க்கும் சொற்கள். கேர்னல் அதே கேர்னல். சப்போர்ட் அப்படியே நிற்கும். அதிகம் போனால் “அந்த எண்ணைப் பழையபடி வையுங்கள்” என்பார்கள். கேர்னலைக் கட்ட வெளிக்கிட முன், உங்களுக்கு வேண்டியது இந்த ரகத்திலேயே கிடைக்கிறதா என்று ஒரு நாள் செலவழித்துத் தேடுங்கள். நான் தேடவில்லை. அதன் விலை கடைசியில் வருகிறது.

இரண்டாவது, வெளி மொடியூல், அதாவது கேர்னலோடு பிறகு ஒட்டி ஏற்றும் துண்டு. கிராபிக்ஸ் கார்ட்டுக்கு என்விடியா தரும் ட்ரைவர், சேமிப்புக்கு இசட்எஃப்எஸ், வேர்ச்சுவல்பொக்ஸ் போன்றவை. கேர்னல் கொம்பனியுடையது, ஒட்டியது வெளியாருடையது. ரெட் ஹாட் இதில் பொதுவாகக் கதவைச் சாத்துவதில்லை. ஆனால் சந்தேகம் அந்த மொடியூல் மேல் விழுந்தால், அதைக் கழற்றிவிட்டு மறுபடி பிழையைக் காட்டச் சொல்வார்கள். சூசே இன்னும் ஒழுங்கு: ஒவ்வொரு மொடியூலுக்குள்ளும் ஆதரவு உண்டா இல்லையா என்று குறி இருக்கும், ஆதரவில்லாததை ஏற்ற விடாமல் தடுக்கும் ஒரு அமைப்பும் இருக்கிறது.

மூன்றாவது, ஓடும் கேர்னலில் ஒட்டுப்போடுதல். மறுபடி பூட் செய்யாமல் திருத்தும் இந்த லைவ் பட்ச் வசதி 2015 இல் லினக்ஸ் 4.0 உடன், கேர்னல் உருவாக்குநர்கள் வெளியிடும் பொதுக் கேர்னலுக்குள் வந்தது. கொம்பனி அனுப்பும் ஒட்டு என்றால் பிரச்சினை இல்லை. நீங்களே எழுதிய ஒட்டு என்றால் அடுத்த ரகத்தில் சேர்த்து எண்ணுங்கள்.

நான்காவது, மறுபடி கட்டுதல். மூல நிரலில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை, ஒரு தெரிவை மட்டும் மாற்றிக் கட்டினேன் என்று சொல்வீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். வணிக டிஸ்ட்ரோக்களிடம் இந்த வாதம் எடுபடாது. ரெட் ஹாட்டின் நிலைப்பாடு வெளிப்படையானது: வாடிக்கையாளர் மறுபடி கட்டிய கேர்னலுக்குச் சப்போர்ட் இல்லை. அதில் நியாயமும் இருக்கிறது. ஒரு தெரிவு உள்ளே நூறு கட்டமைப்புகளின் அளவை மாற்றலாம், கொம்பைலரின் பதிப்பு வேறாக இருக்கலாம். அவர்கள் ஆயிரம் இயந்திரங்களில் சோதித்தது உங்களுடையதை அல்ல.

ஐந்தாவது நிரலையே திருத்துவது, அல்லது டிஸ்ட்ரோவின் மேல் அந்தப் பொதுக் கேர்னலைக் கொண்டுவந்து வைப்பது. இங்கே நீங்கள்தான் தயாரிப்பாளர். பாதுகாப்பு ஓட்டை வந்தால் திருத்தி வெளியிடுவதும் உங்கள் வேலை.

விண்டோஸ் பக்கம் கதை குறுகியது. நிரல் கையில் இல்லை. 2005 இலிருந்து 64 பிட் விண்டோஸில் பட்ச்கார்ட் காவல் நிற்கிறது. கேர்னலின் முக்கிய இடங்களில் யாராவது கை வைத்தால் 0x109 என்ற எண்ணோடு நீலத் திரை. உள்ளே போக மிச்சமிருக்கும் பெரிய வழி கையெழுத்திட்ட ட்ரைவர்.

படி 3: கறையைப் படிக்கப் பழகுங்கள்

சப்போர்ட் ஆள் உங்கள் லொக்கை (பதிவுக் கோப்பை) திறந்ததும் கண் போகும் இடம் ஒன்று: டெயின்ட். கறை என்று வைத்துக்கொள்ளலாம். ப்ரொக் அடைவுக்குள், சிஸ், அதற்குள் கேர்னல், அதற்குள் டெயின்டட் என்ற கோப்பைத் திறந்தால் ஒரு எண் வரும். 0 என்றால் கறை இல்லை. மற்ற எண்கள் எல்லாம் கூட்டுத்தொகைகள்.

1 என்றால் மூடிய உரிமம் உள்ள மொடியூல் ஏறியிருக்கிறது, எழுத்து பி. 4096 என்றால் கேர்னலின் நிரல் தொகுப்புக்கு வெளியே கட்டிய மொடியூல், எழுத்து ஓ. 8192 என்றால் கையெழுத்தில்லாதது, எழுத்து ஈ. மூன்றையும் கூட்டினால் 12289. என்விடியா ட்ரைவர் போட்ட எத்தனையோ கணினிகளில் நீங்கள் பார்க்கும் எண் இதுதான். 32768 என்றால் ஓடும் கேர்னலில் ஒட்டுப் போட்டிருக்கிறது.

உங்களுக்கு உதவுகிற கறைகளும் உண்டு. 16 என்றால் செயலியே வன்பொருள் பிழை அறிவித்திருக்கிறது. அதைக் காட்டினால் பேச்சு உங்கள் மாற்றத்திலிருந்து இயந்திரத்துக்குத் திரும்பும். 128 என்றால் கேர்னல் ஏற்கனவே ஒருமுறை விழுந்து எழும்பியிருக்கிறது. அதன் பிறகு வரும் பிழைகளைப் படித்துப் பிரயோசனமில்லை, முதல் பிழையைத் தேடிப் போங்கள்.

மொடியூலைக் கழற்றினாலும் கறை போகாது, மறுபடி பூட் செய்தால்தான் போகும். ஒரு நிமிடம் ஏற்றி இறக்கிய மொடியூலும் நினைவகத்தைக் கெடுத்திருக்கலாம் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அடி விழுந்த இடம் வேறு. நானே கட்டிய கேர்னலில் அந்தக் கோப்பு 0 என்றே காட்டியது. மறுபடி கட்டுவது தன்னளவில் கறை ஆகாது. “கறை 0 தானே?” என்று துள்ளினேன். அவர்கள் பதிப்பு வரியை வெட்டி அனுப்பினார்கள். யார் பெயரில், எந்தக் கணினியில் கட்டப்பட்டது என்று கேர்னல் அந்த வரியில் பதிந்து வைத்திருக்கும். என் மடிக்கணினியின் பெயர், நான் விளையாட்டாக வைத்த பெயர், கொட்டை எழுத்தில் அங்கே இருந்தது.

ஆகவே மறைக்க முயலாதீர்கள். டிக்கெட்டின் முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

படி 4: மாற்றுவதற்கு முன் திரும்பும் வழியைக் கட்டுங்கள்

இந்தப் படியைச் செய்யாவிட்டால் மற்றப் படிகளைச் செய்தும் பலன் குறைவு.

கொம்பனியின் கேர்னல் பூட் பட்டியலில் எப்போதும் இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் உண்மையிலேயே பூட் செய்து பார்க்க வேண்டும். ரெட் ஹாட் வழி டிஸ்ட்ரோக்களில் டிஎன்எஃப் என்ற பக்கேஜ் கருவி வழக்கமாக மூன்று கேர்னல்களைத்தான் வைத்திருக்கும். புதியது ஏற ஏறப் பழையது கழியும். உங்கள் சொந்தக் கேர்னலை இரண்டு மூன்று தரம் பக்கேஜாகக் கட்டி ஏற்றினீர்கள் என்றால், மூலக் கேர்னல், அதாவது கொம்பனி தந்த கேர்னல், சத்தமில்லாமல் வெளியே போயிருக்கும். தேவைப்படும் நாளில்தான் அது தெரியவரும்.

உங்கள் கேர்னலுக்குத் தனிப் பின்னொட்டு கொடுங்கள். கட்டும் தெரிவுகளில் லோக்கல்வேர்ஷன் என்று ஒன்று உண்டு. கொம்பனி பெயரும் இலக்கமும் அதில் வரட்டும். என்னைப் போல விளையாட்டுப் பெயர் வேண்டாம். மாற்றங்களைக் கிட் என்ற பதிப்புக் கருவியில் தனித்தனி பட்ச்களாக (திருத்தத் துண்டுகளாக) வையுங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஏன் என்ற காரணம் ஒரு பந்தி. கையால் நகலெடுத்து ஏற்றாமல் டெப் அல்லது ஆர்பிஎம் பக்கேஜாகக் கட்டினால் கழற்றுவதும் ஒரு கட்டளை.

டீபக் (பிழை தேடும்) குறியீடுகள் உள்ள முழுக் கேர்னல் கோப்பையும், கட்டிய கொன்ஃபிக் கோப்பையும் சேமித்து வைக்க வேண்டும். கேர்னல் விழும்போது கேடம்ப் என்ற கருவி எடுக்கும் நினைவகப் படத்தை வாசிக்க, அதே கட்டுமானத்தின் குறியீடுகள் வேண்டும். கொம்பனியின் கேர்னலுக்கு அவர்களிடம் இருக்கும். உங்களுடையதற்கு உலகத்தில் உங்களிடம் மட்டும்தான். அழித்துவிட்டீர்கள் என்றால் அந்தப் படம் பல ஜிகாபைட் குப்பை.

செக்யூர் பூட் (நம்பிய கையெழுத்து உள்ளதை மட்டும் ஏற்ற விடும் காவல்) உள்ள கணினி என்றால் கையெழுத்துச் சாவி ஒன்று உருவாக்கி வாடிக்கையாளரின் இயந்திரத்தில் பதிவீர்கள். அந்தச் சாவி யாரிடம்? வேலையை விட்டுக் கனடா போன பெடியனின் மடிக்கணினியில் என்றால், அடுத்த கேர்னலை ஏற்ற வழியில்லை. அதைவிட மோசம், அந்தச் சாவியை எடுத்த யாரும் அந்த இயந்திரத்தின் கேர்னலுக்குள் எதையும் ஏற்றலாம்.

இன்னொன்று, மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த நாடு இது. திடீரென்று கரண்ட் போய் வந்ததால் கெட்ட கோப்பு முறைமையின் பழி, கேர்னலைத் தொட்டவர் தலையில் விழுவது சுலபம். யூபிஎஸ் லொக்கைச் சேவரிலேயே பதிய வையுங்கள். எந்த நிமிடம் கரண்ட் போனது, எந்த நிமிடம் முதல் டிஸ்க் பிழை வந்தது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால், அரை மணி நேர வாக்குவாதம் மிச்சம்.

படி 5: சப்போர்ட் கொம்பனியிடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்

பெரும்பாலானோர் இதைச் செய்வதில்லை, “இல்லை” என்ற பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில். பதில் பெரும்பாலும் “ஓம், ஆனால்” என்றுதான் வரும். அந்த “ஆனால்” முழுக்க உங்களுக்குத் தேவையான தகவல்.

நான் இப்போது கேட்பவை: இந்த மொடியூலை ஏற்றினால் முழு இயந்திரத்துக்கும் சப்போர்ட் போகுமா, அந்த மொடியூல் தொட்ட பகுதிக்கு மட்டுமா? பிழை வந்தால் மூலக் கேர்னலில் மறுபடி காட்டினால் அதே டிக்கெட்டைத் திரும்பத் திறப்பீர்களா, புதிதாகத் தொடங்க வேண்டுமா? கேர்னல் மட்டும் என்னுடையது என்றால், டேட்டாபேஸ், வெப் சேவர் போன்ற மேல்தளப் பக்கேஜ்களுக்குச் சப்போர்ட் நிற்குமா? இதே தேவைக்கு நீங்களே சான்றளித்த வேறு கார்ட் அல்லது ட்ரைவர் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு வந்த பதிலால் மட்டும் இரண்டு முறை கேர்னல் கட்டும் வேலையே இல்லாமல் போயிருக்கிறது.

சில வேளை உங்களுக்கு வேண்டிய மாற்றத்தை அவர்களே செய்து வைத்திருப்பார்கள். ஒரக்கிள் லினக்ஸ் இரண்டு கேர்னல்களோடு வருகிறது, ஒன்று ரெட் ஹாட்டோடு ஒத்துப்போவது, மற்றது ஒரக்கிள் தானே கட்டும் யூஇகே. நீங்கள் எதை ஓட்டினாலும் அது அவர்களின் பொறுப்பு.

கொழும்பு முகவர் தொலைபேசியில் “பிரச்சினையில்லை அண்ணை, செய்யுங்கோ” என்று சொன்னால், வைத்த கையோடு “நீங்கள் சொன்னபடி” என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் போடுங்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் மின்னஞ்சலுக்கும் சட்ட அங்கீகாரம் கொடுக்கிறது. வழக்குப் போடும் காலத்திலும் வித்தியாசம் உண்டு: எழுதிய ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்ப் பேச்சுக்கு மூன்று.

படி 6: உங்களுக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான தாள்

யாழ்ப்பாணத்துச் சிறிய கொம்பனிகள் மாட்டுப்படும் இடம் இது. மேலே கடல் கடந்த டிஸ்ட்ரோ கொம்பனி, தன் பொறுப்பை ஒப்பந்தத்தில் வரம்பு கட்டி வைத்திருக்கிறது. கீழே உள்ளூர் வாடிக்கையாளர், எந்தத் தாளும் இல்லாமல் உங்களை நம்பியிருக்கிறார். நடுவில் நீங்கள். நட்டம் மேலே ஏறாது, கீழே இறங்கவும் வழியில்லை. உங்களிடமே நிற்கும்.

வரம்பு என்றால் என்ன என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கொம்பனி அனுப்பிய ஒரு தரவுக் கோப்பு, விண்டோஸ் கேர்னலுக்குள் ஓடும் அதன் ட்ரைவரை விழுத்தியது. மைக்ரோசொஃப்ட்டின் கணக்கில் சுமார் 85 இலட்சம் கணினிகள். டெல்டா விமான நிறுவனம் தனக்கு 50 கோடி டொலர் அளவில் நட்டம் என்றது, அந்த வருட ஒக்டோபரில் வழக்கும் போட்டது. கிரவுட்ஸ்ட்ரைக்கின் சட்டத்தரணிகளோ, ஒப்பந்தப்படி தங்கள் பொறுப்பு ஒற்றை இலக்க மில்லியன் டொலருக்குள் என்று முன்பே எழுதியிருந்தார்கள். இயங்குதளம் ஒருவருடையது, கேர்னலுக்குள் புகுந்தது இன்னொருவருடையது, நட்டம் மூன்றாமவருடையது. டெல்டாவிடம் சட்டத்தரணிகள் பட்டாளம் இருக்கிறது. ஆய்வுகூட ஐயாவிடம் நான்தான் இருந்தேன்.

இலங்கைச் சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியவை சில. 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் உண்டு. “எதற்கும் நாங்கள் பொறுப்பில்லை” என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டால் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். கவனயீனத்தால் வரும் நட்டத்துக்கு உரோம டச்சுச் சட்டத்தின் வழி தனியாகவும் வழக்கு வரலாம். கார்ட்டும் கணினியும் சேர்த்து விற்றிருந்தால் 1896 இன் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டமும், 2003 இன் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் எட்டிப்பார்க்கும். நோயாளர் விபரம் போன்ற தரவு என்றால் 2022 இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எந்தப் பகுதிகள் நடைமுறையில் இருக்கின்றன என்றும் பாருங்கள். ஒல்லாந்தர் 1707 இல் தொகுத்த தேசவழமையில் காணி, சீதனம் எல்லாம் இருக்கிறது. கேர்னலுக்கு மட்டும் அங்கே இடம் இல்லை. பெரிய ஒப்பந்தம் என்றால் ஒரு சட்டத்தரணியிடம் தாளைக் காட்டிவிடுங்கள், பார்க்கும் கூலி கேர்னல் கட்டும் கூலியைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

அனுமதி கட்டாயம் எழுத்தில். 2007 இன் கணினிக் குற்றங்கள் சட்டம் அனுமதியில்லாமல் கணினியில் மாற்றம் செய்வதைக் குற்றம் என்கிறது. “சேவரைப் பாருங்கோ தம்பி” என்று சொன்னது கேர்னலை மாற்றவும் சேர்த்துத்தானா என்று பின்னால் விவாதிக்கும் நிலை வரக்கூடாது.

நான் இப்போது கையெழுத்து வாங்கும் வரிகள் இவை. எடுத்துப் பாவிக்கலாம்:

“இக்கணினியில் டிஸ்ட்ரோ நிறுவனம் வழங்கிய கேர்னலுக்குப் பதிலாக, கீழ்க்காணும் திகதியில் எம்மால் மாற்றிக் கட்டப்பட்ட கேர்னல் நிறுவப்பட்டுள்ளது. மாற்றத்தின் காரணமும் விபரமும் இணைப்பில் உள்ளன. இதனால் டிஸ்ட்ரோ நிறுவனத்தின் சப்போர்ட் குறையவோ மறுக்கப்படவோ கூடும் என்பது வாடிக்கையாளருக்கு விளக்கப்பட்டது. பிழை ஏற்படின் மூலக் கேர்னலுக்கு மாறி இயங்க வாடிக்கையாளர் சம்மதிக்கிறார். அக்காலத்தில் இணைப்பில் குறிப்பிட்ட வசதிகள் இயங்கா. மாற்றிய கேர்னலுக்கான பாதுகாப்புத் திருத்தங்களை எந்தத் திகதி வரை நாம் வழங்குவோம் என்பதும் இணைப்பில் உள்ளது.”

நாலாவது, ஐந்தாவது வரிகள்தான் உயிர். மூலக் கேர்னலுக்கு மாறினால் எது ஓடாது என்று வாடிக்கையாளர் முன்பே அறிந்திருந்தால், அந்த நாளில் அவர் உங்கள் பின்னால் நின்று மணி கேட்கமாட்டார். கேட்டாலும் குரல் வேறாக இருக்கும்.

ஜிபிஎல் பக்கக் கடமையும் உண்டு. மாற்றிய கேர்னலை ஒரு பெட்டியில் போட்டு வாடிக்கையாளருக்குக் கொடுத்தால் அது விநியோகம். மாற்றிய கோப்புகளில் மாற்றியதாகவும் திகதியையும் குறிக்க வேண்டும். நிரலையும் கூடவே கொடுக்க வேண்டும், அல்லது கேட்பவருக்குக் கொடுப்பதாகக் குறைந்தது மூன்று வருடம் செல்லுபடியாகும் வாக்குறுதியை எழுதித் தர வேண்டும். இதை யாரும் வழக்காடமாட்டார்கள் என்று எண்ணாதீர்கள், ஜேர்மனியில் மியூனிக் நீதிமன்றம் 2004 இலேயே ஜிபிஎல் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஐரோப்பாவுக்குக் கருவி அனுப்பும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு வரி. அங்கே வந்திருக்கும் புதிய பொருட்பொறுப்பு நெறிமுறை மென்பொருளையும் பொருளாகவே எண்ணுகிறது. சந்தைக்கு வந்த பொருளைப் பெருமளவில் மாற்றியவரைத் தயாரிப்பாளராகவே பார்க்கிறது. 2026 டிசம்பர் 9 இற்குப் பிறகு சந்தைக்கு வரும் பொருட்களுக்கு அது பொருந்தும்.

படி 7: பிழை வந்த நாளில்

பதறி ரீபூட் செய்யாதீர்கள். பாதி ஆதாரம் அதில் போய்விடும், கறை எண் உட்பட. ஓடிக்கொண்டிருந்தால் முதலில் டிமெசேஜ் (கேர்னலின் லொக்) முழுவதையும், ஏறியிருக்கும் மொடியூல்களின் பட்டியலையும், கறை எண்ணையும் வேறு கணினிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சப்போர்ட்டுக்கு வேண்டிய விபரங்களைத் திரட்டும் எஸ்ஓஎஸ் றிப்போட் எடுக்க முடிந்தால் எடுங்கள். விழுந்துவிட்டது என்றால் கேடம்ப் எழுதி முடிக்கும் வரை பொறுங்கள். திரையில் மட்டும் தெரிகிறது என்றால் கைப்பேசியால் படம், மங்கலாக இல்லாமல்.

பிறகு மூலக் கேர்னலில் பூட் செய்து, அதே வேலையை ஓட்டி, அதே பிழைக்குக் காத்திருங்கள். இது பொறுமை தின்னும் வேலை. ஆய்வுகூடத்தில் மூலக் கேர்னலில் நாலு போர்ட்தான் என்பதால் நாலு இயந்திரம் ஓடியது, மற்ற இரண்டின் முடிவுகளை ஒரு பிள்ளை இருந்து கையால் தட்டினாள். மூன்றாம் நாள் அதே டிஸ்க் பிழை, அதே வரிகள், இந்த முறை அவர்களின் கேர்னலில். அந்த லொக்கை அனுப்பி ஒரு மணித்தியாலத்துக்குள் டிக்கெட் திறந்தது. டிஸ்க் கட்டுப்பாட்டு அட்டை பழுது. வன்பொருள் வாரண்டியில் அதை மாற்றித் தந்தார்கள்.

டிக்கெட் எழுதும் முறையும் முக்கியம். இப்படித் தொடங்குங்கள்: “இந்த இயந்திரம் வழமையாக நாங்கள் மாற்றிக் கட்டிய கேர்னலில் ஓடுகிறது. கீழே உள்ள பிழை அதில் இன்ன திகதியில் வந்தது. உங்கள் கேர்னலுக்கு மாறிய பின் இன்ன திகதியில், கறை 0 நிலையில், மறுபடி வந்தது. இரண்டு லொக்கும் இணைப்பில்.” முதல் ஆள் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு இந்த நாலு வரியிலேயே பதில் இருக்கிறது. கோபம், அவசரம், எத்தனை நோயாளர் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் கீழே வரட்டும்.

மூலக் கேர்னலில் பிழை வராவிட்டால்? அப்போது அது உங்களுடையதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பட்ச்களைப் பாதிப் பாதியாகக் கழற்றிக் கட்டித் தேடுங்கள். வாடிக்கையாளரிடமும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

எனக்கு மிச்சமிருந்த கணக்கு ஒரு நாள் தரவு. வெள்ளி இரவு எடுத்த காப்புப் பிரதிக்குப் பிறகு பதிந்த முடிவுகள் போய்விட்டன, சிலரைத் திரும்ப அழைத்து இரத்தம் எடுக்க வேண்டி வந்தது. அட்டை பழுதானது என் குற்றம் அல்ல. ஆனால் என் கேர்னல் இல்லாதிருந்தால் சனிக்கிழமையே டிக்கெட் திறந்திருக்கும். தாள் எதுவும் இல்லை. திரும்பச் செய்த பரிசோதனைகளின் செலவை நான் கொடுத்தேன்.

படி 8: மாற்றத்தைக் கழற்றும் திகதி

சொந்தக் கேர்னலைக் கட்டும்போதே அதை எப்போது விடுவது என்றும் குறித்து வையுங்கள். அடுத்த டிஸ்ட்ரோ வெளியீட்டில் அந்த வசதி வந்துவிடலாம். நிகழ்நேரக் கட்டுப்பாட்டுக்காக இருபது வருடம் அளவில் தனி பட்ச்சாக ஓடிக்கொண்டிருந்த ப்ரீஎம்ப்ட் ஆர்டி, 2024 நவம்பரில் வந்த லினக்ஸ் 6.12 இல் பொதுக் கேர்னலுக்குள்ளேயே தெரிவாகிவிட்டது. அதை இன்னும் கையால் ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் வீணாகச் சுமக்கிறார்கள். கண்காணிப்பு, வலைப்பின்னல் வடிகட்டல் போன்றவற்றுக்கு, ஓடும் கேர்னலுக்குள் சிறு நிரல்களைச் சரிபார்த்து ஓட்டும் ஈபிபிஎஃப் போதும். கேர்னலைக் கட்டத் தேவையில்லை. கோப்பு முறைமை என்றால் அதைக் கேர்னலுக்கு வெளியே சாதாரண நிரலாக ஓட்ட ஃபியூஸ் இருக்கிறது. ஒரேயொரு விசித்திரமான கார்ட்டுக்காக என்றால், அதை ஒரு சிறிய தனிக் கணினியில் போட்டு வலைப்பின்னல் வழியே இணையுங்கள், பெரிய சேவர் சுத்தமாக இருக்கட்டும்.

அந்த எட்டு போர்ட் கார்ட் விஷயத்துக்கு வருகிறேன். அட்டை மாற்றி எல்லாம் அடங்கிய பிறகு ஒரு இரவு சீரியல் ட்ரைவரின் குறிப்புகளை ஆறுதலாக வாசித்தேன். டிஸ்ட்ரோவின் கேர்னல் இருபதுக்கு மேற்பட்ட போர்ட்களுக்குத் தயாராகத்தான் கட்டப்பட்டிருந்தது. பூட் நேரத்தில் நாலைத் திறப்பது வெறும் இயல்பு எண். 8250 என்ற ட்ரைவர் பெயருக்குப் பின் என்ஆர்-யுஆர்ட்ஸ் என்று எழுதி, சமன் குறி போட்டு ஒரு எண்ணைக் கொடுத்தால் அத்தனையும் திறக்கும். பூட் வரியில் அதைச் சேர்த்து மூலக் கேர்னலிலேயே ஏற்றினேன். எட்டும் தெரிந்தன. கறை 0, பதிப்பு வரியில் கொம்பனியின் பெயர்.

என் கேர்னலைப் பக்கேஜோடு கழற்றினேன். ஐயா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, “இப்ப என்ன புதுசாய்ப் போட்டனீர்?” என்றார். “ஒரு சொல்லு, ஐயா” என்றேன். அந்த வேலைக்கு பில் அனுப்பவில்லை.